வாரத்துக்கு ஒரு சிள்வண்டு

டிரைவிங் ஸ்கூலில் அவளுக்கு 'பிரேக்கு அக்கா' என்று பெயர். பயிற்சிக் காரில் அவள் உட்காரும் பக்கமும் காலடியில் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்ள வந்தவர் மதில்சுவரைக் கட்டிப்பிடிக்கப் போகும்போதெல்லாம் அதை அவள் மிதிப்பாள். மிதித்த அடுத்த நொடி வாயும் திறந்துகொள்ளும். "கண்ணு எங்க இருக்கு, முதுகுலயா?" என்று ஆரம்பித்தால் வண்டி ஸ்கூல் வாசலுக்குத் திரும்பும்வரை ஓயாது. ஆனாலும் அவளிடம் படித்தவர்கள் முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கிவிடுகிறார்கள் என்றொரு பேச்சு ஊரில் இருந்ததால், திட்டு வாங்குவதற்கென்றே ஆட்கள் தேடி வந்து சேர்ந்தார்கள்.

அவள் கணவர் சரக்குக் கப்பலில் சமையல்காரர். வருஷத்தில் முக்கால்வாசி கடலில்தான். முழங்கால் ஆபரேஷனுக்காக ஒரு தடவை நீண்ட விடுப்பில் வந்து வீட்டில் அடைந்து கிடந்தபோது, பொழுது போகாமல் ஒரு டரான்டுலா சிலந்தியை வாங்கி வந்துவிட்டார். உள்ளங்கை அகலம், உடம்பெல்லாம் ரோமம், கால் முட்டிகளில் மட்டும் செம்பட்டை நிறம். அதற்கு 'மகாராணி' என்று பெயரும் வைத்தார். ஹாலில் டிவிக்குப் பக்கத்து ஷெல்ஃபில் கண்ணாடிப் பெட்டி. உள்ளே தேங்காய் நார்த்தூள், பதுங்கிக்கொள்ள ஓர் உடைந்த சட்டி, தண்ணீருக்கு ஒரு பாட்டில் மூடி. காலை நீட்டிப் போட்டுக்கொண்டு, டிவியைப் பார்ப்பதுபோல அவர் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவளுக்குப் பிடிக்கவும் இல்லை, பயமும் இல்லை. அது பாட்டுக்கு இருந்தது, இவள் பாட்டுக்கு இருந்தாள். அதன் தீனி என்ன, எப்போது என்று கேட்டதும் இல்லை.

முழங்கால் சரியாகிக் கப்பலுக்குக் கிளம்புகிற அன்று, டாக்ஸியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவர் விஷயத்துக்கே வந்தார்.

"மகாராணியைப் பாத்துக்கோ. பெருசா ஒண்ணும் இல்ல. தண்ணி மாத்தணும். வாரத்துக்கு ஒரு பூச்சி. கடைக்காரர் கொண்டு வந்து குடுத்துருவார்."

"என்ன பூச்சி?"

"அதெல்லாம் அவரே சொல்லுவார். வரேன்."

மீன் தொட்டிக்குத் தூவுகிற மாதிரி ஏதோ காய்ந்த பாக்கெட் தீனி என்றுதான் அவள் நினைத்தாள். செல்லப்பிராணிக் கடைக்காரர் கொண்டு வந்து நீட்டிய பிளாஸ்டிக் டப்பா கையில் அசைந்தது. உள்ளே முட்டை அட்டைத் துண்டுகளின் மேலும் கீழுமாகச் சிள்வண்டுகள் ஓடிக்கொண்டிருந்தன.

"இதெல்லாம் உயிரோட இருக்கே!" என்றாள்.

"உயிரோட இருந்தாத்தானே மேடம் அது சாப்பிடும்?" என்றார் அவர், இவள்தான் ஏதோ தப்பாகக் கேட்டுவிட்டதைப் போல. கொஞ்சம் கேரட், ஈரப் பஞ்சு, இரண்டும் போட்டால் பூச்சிகள் சாகாமல் இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதல் தடவை ஒரு பூச்சியை இடுக்கியில் பிடித்துப் பெட்டிக்குள் விட்டுவிட்டு மூடியைச் சாத்தினாள். உடனே பாய்ந்து தின்றுவிடும், முகத்தைத் திருப்பிக்கொள்வதற்குள் முடிந்துவிடும் என்று எண்ணியிருந்தாள். அப்படி நடக்கவில்லை. மகாராணி அசையவே இல்லை. சிள்வண்டு பெட்டியைச் சுற்றிப் பார்த்தது. தண்ணீர் மூடியில் வாய் வைத்தது. பிறகு மகாராணியின் முன்னங்காலுக்குப் பக்கத்திலேயே போய் நின்றுகொண்டு, தன் மீசை ஒன்றை வாய்க்குள் இழுத்து மெதுவாகச் சுத்தம் செய்தது. வேலைக்குக் கிளம்புகிறவள் கண்ணாடி முன் நின்று தலை வாருகிற மாதிரி இருந்தது அவளுக்கு. எடுத்துவிடலாமா என்று மூடியில் கை வைத்தாள். அந்த நேரத்தில் எட்டுக் கால்களும் ஒன்றாக மூடின. சிள்வண்டின் பின்னங்கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு வெகு நேரம் உதைத்தது.

அன்று மதியம் வகுப்புக்கு வந்த பெண் அவள் வாயிலிருந்து ஒரு திட்டுகூட விழாததைப் பார்த்துப் பயந்துபோய், தான் ஃபெயில்தான் என்று முடிவு கட்டி அழுதுவிட்டாள்.

கப்பல் ஏதாவது துறைமுகத்தை ஒட்டி வந்தால்தான் கணவரோடு பேச முடியும். லைன் கிடைத்ததும், எப்படி இருக்கீங்க என்றுகூடக் கேட்காமல் பிடித்துக்கொண்டாள்.

"உயிரோட விடணும்னு ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ ஒத்துக்கிட்டிருக்க மாட்டே."

"அப்ப தெரிஞ்சேதான் என் தலையில கட்டிட்டுப் போயிருக்கீங்க."

"இயற்கைதானே? காட்டுலயும் அப்படித்தானே சாப்பிடுது?"

"காட்டுல அந்தப் பூச்சி ஓடலாம். இங்க எங்க ஓடும், டிவிக்குப் பின்னாடியா? இயற்கையா இருந்தா அது ஏன் நம்ம ஷெல்ஃபுல இருக்கு?"

அந்தப் பக்கம் வெறும் இரைச்சல்தான் கேட்டது. லைன் போய்விட்டதா, மனிதர்தான் போய்விட்டாரா என்று தெரியவில்லை. கடலுக்கு நடுவில் இருக்கிறவரோடு சண்டை போடுவதில் இதுதான் தொல்லை. நாம் மூச்சு வாங்கிக்கொண்டு ஆரம்பிக்கும்போது அலை வந்து பேச்சை அடித்துக்கொண்டு போய்விடும்.

அடுத்து வந்த வாரங்களில் அவளுக்கு எதைப் பார்த்தாலும் எரிச்சல் வந்தது. காலையில் எழுந்ததும் முதல் வேலை சிள்வண்டுகளுக்குக் கேரட் சீவுவது. பஞ்சு காய்ந்திருந்தால் நனைக்க வேண்டும், நாற்றம் வந்தால் அட்டையை மாற்ற வேண்டும். ஆண் பூச்சிகள் இறக்கையை உரசி உரசிப் பாடின. பாட்டை வைத்தே எந்த மூலையில் எது இருக்கிறது என்று அவளுக்குத் தெரிய ஆரம்பித்தது. வாரம் முழுக்க இப்படிச் சீராட்டிவிட்டு, வாரக் கடைசியில் அதே கையால் ஒன்றை எடுத்து உள்ளே போட வேண்டும். எதை எடுப்பது? பாடுகிறதையா, பாடாததையா? கண்ணை மூடிக்கொண்டு இடுக்கியை விட்டு, அகப்பட்டதை எடுத்தாள். அதுவும் பித்தலாட்டமாகத்தான் பட்டது.

மாடி வீட்டில் இருந்தவள் அவளுடைய நாத்தனார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், பேச்சில் யாரையும் ஜெயிக்க விடமாட்டாள்.

"அண்ணி, ஒரு பூச்சிக்கா இவ்வளவு? நேத்து இங்க உக்காந்து கோழிக்கால் ரெண்டு சாப்பிட்டீங்களே, அது தானா வந்து தட்டுல படுத்துக்கிச்சா?"

"நான் கோழியை என் கையால பிடிச்சுக் குடுக்கலையே."

"யாரோ பிடிச்சாங்க இல்ல? உங்களுக்கு உயிர் போறது பிரச்சினை இல்ல, கண்ணால பாக்கறதுதான் பிரச்சினை."

சுருக்கென்று தைத்தது. ஊரில் எத்தனை பேரை வாயடைக்கச் செய்தவள், நாத்தனார் வீட்டுச் சோபாவில் விழி பிதுங்கி உட்கார்ந்திருந்தாள். நாத்தனார் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அந்த நியாயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கோழி தின்பதை விட்டாலும் சிலந்திக்குப் பசி தீராது. சிலந்தியைப் பட்டினி போட்டால் அதுவும் ஓர் உயிர்தானே?

கொடுத்துவிடலாம் என்று கடைக்காரரிடம் போனாள். பழைய சிலந்தியைத் திரும்ப எடுப்பதில்லை என்று கையை விரித்தார். "பெண் சிலந்தி மேடம். நல்லா பாத்துக்கிட்டா இன்னும் பதினஞ்சு வருஷம் இருக்கும்" என்று வாழ்த்துகிற மாதிரி சொன்னார்.

"பதினஞ்சு வருஷமா?"

"வாராவாரம் குடுக்கக் கஷ்டமா இருந்தா எலிக்குட்டி தரேன். பெரிய சிலந்தி, தாராளமா அடிக்கும். ஒண்ணு குடுத்தா ரொம்ப நாளைக்குக் கவலை இல்ல. நிறைய பேர் பூச்சி போதாதுன்னு இதுக்குன்னே வராங்க. வீடியோ நல்லா வருமாம்." போனை எடுத்து அவள் முன்னால் நீட்டினார். திரையில் ஒரு வெள்ளை எலிக்குட்டி கண்ணாடிச் சுவரைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. பின்னணியில் யாரோ சிரித்துக்கொண்டே, "அடி, அடி" என்றார்கள்.

"பசிக்குக் குடுக்கறதா இது, வேடிக்கை பாக்கவா?" என்று அவள் போட்ட சத்தத்தில் கடையில் இருந்த கிளிகள் எல்லாம் கத்த ஆரம்பித்தன. கடைக்காரர் அசடு வழிந்தார். வீட்டுக்கு நடந்து வரும்போதுதான், தான் மட்டும் என்ன பெரிய யோக்கியம் என்று தோன்றியது. எலி கூடாது, பூச்சி பரவாயில்லை என்று கோடு போட்டது யார்? எலி கத்தும், பூச்சி கத்தாது. அவ்வளவுதானோ?

கொத்துக்கறியைச் சிறு உருண்டையாகப் பிடித்து வைத்துப் பார்த்தாள். மகாராணி அதைக் காலால் ஒரு தடவை தொட்டுவிட்டு, தட்டில் முடி கிடந்தால் நாம் ஒதுக்குவோமே, அப்படி ஒதுக்கியது. எடுக்கப்போனபோது பின்காலால் உடம்பு ரோமத்தை உதிர்த்து அவள் கையில் வீசியது. இரண்டு நாள் கையைச் சொறிந்துகொண்டே கியர் மாற்றினாள்.

அந்தச் சமயம் அவளிடம் படித்துக்கொண்டிருந்தவர்களில் ஒரு கறிக்கடைக்காரரும் இருந்தார். சொந்தமாக வேன் வாங்கி ஹோட்டல்களுக்குச் சரக்குப் போட வேண்டும் என்பது அவர் திட்டம். இவளைவிடப் பத்து வயது பெரியவர், ஆனாலும் 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார். கடையில் எத்தனை பெரிய உருப்படியையும் ஒற்றை ஆளாகத் தூக்கிப் போடுகிறவர், ரவுண்டானாவைக் கண்டால் நடுங்கிப்போவார்.

"ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே?" என்றாள் அவள், ரவுண்டானாவுக்கு முன்னால் வண்டி நின்றிருந்தபோது.

"கிளட்ச்சை விட்டுட்டேனா?"

"இல்ல. வெட்டறப்போ உங்களுக்கு ஒண்ணும் தோணாதா?"

அவர் முகம் இறுகியது. "எல்லாரும் இதை என்கிட்டயே கேக்கறாங்க அக்கா. கேட்டுட்டு, நெஞ்செலும்பா பாத்துப் போடுங்கறாங்க. தோணாம இருக்குமா? தோணுது, அதனால கத்தியைத் தீட்டி வெச்சுக்கறேன். சட்டுனு முடிஞ்சிரணும்."

அவள் மகாராணியைப் பற்றிச் சொன்னாள். அவர் ஸ்டியரிங்கையே விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "உயிரோட விட்டுட்டு, எப்ப பிடிக்கும்னு பாத்துக்கிட்டு நிக்கறதா? அய்யோ, என்னால முடியாதுப்பா. கொன்னு குடுத்தா அது சாப்பிடாதா?" வண்டி குலுங்கி அணைந்தது. பின்னால் நின்றவர்கள் எல்லாம் ஹாரனை அமுக்கினார்கள். "நீங்கதான் பேச்சுக் குடுத்தீங்க, இப்ப என்னைத் திட்டக் கூடாது" என்றார் அவர் முன்கூட்டியே.

கொன்று கொடுப்பது. அவளுக்கு இது தோன்றவே இல்லை. அந்த வார இறுதியில் ஒரு சிள்வண்டை ஈரத்துணியில் வைத்து, கரண்டியின் அடிப்பக்கத்தால் தலையில் ஒரே அழுத்து அழுத்தினாள். மிக மெல்லிய ஒரு சத்தம். ஒரு நொடிகூட ஆகவில்லை. ஆனால் இந்தத் தடவை கொன்றது சிலந்தி இல்லை. கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினாள்.

மகாராணி அதைத் தொடவில்லை. மறுநாளும் தொடவில்லை, அது கிடந்து நாறியது. அடுத்த வாரமும் அதே கதை. இரண்டு உயிரைக் கையால் நசுக்கியதுதான் மிச்சம். அது பட்டினி கிடக்கிறது என்று பயந்துபோய், பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் உயிரோடு ஒன்றை விட்டாள்.

அதையும் மகாராணி தொடவில்லை. சிள்வண்டு கிட்டே வந்தால் காலை இழுத்துக்கொண்டு விலகிப்போனது. ஒரு நாள் போயிற்று, இரண்டு நாள் போயிற்று, சிள்வண்டு சட்டித் துண்டின் மேல் ஏறி உட்கார்ந்து பாடியது. அவளுக்கு நம்ப முடியவில்லை. இரண்டும் சமாதானமாகப் போய்விட்டன என்றே நினைத்தாள். நினைத்து, சந்தோஷமும் பட்டாள். அத்தனை நாளில் முதல் தடவையாக வீட்டுக்குள் நுழையும்போது நெஞ்சு லேசாக இருந்தது. சிள்வண்டுக்கென்று ஒரு கேரட் சீவலையும் பெட்டிக்குள் போட்டாள். சிள்வண்டை வெளியே எடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

ஒரு நாள் காலை வகுப்புக்குக் கிளம்பும்போது பார்த்தால், மகாராணி மல்லாந்து கிடந்தது. எட்டுக் கால்களும் மேலே விரிந்திருந்தன. ஒரு காலின் அடியில் அந்தச் சிள்வண்டு உட்கார்ந்து, கேரட்டைத் தின்கிற அதே நிதானத்தோடு அதைக் கொறித்துக்கொண்டிருந்தது.

இடுக்கியைத் தேடக்கூட அவள் நிற்கவில்லை. வெறும் கையை உள்ளே விட்டுச் சிள்வண்டைப் பிடித்து வெளியே எறிந்தாள். செல்லப்பிராணிக் கடைக்காரருக்குப் போன் போட்டாள்.

"செத்துப்போச்சு. மல்லாந்து கிடக்கு."

"தொட்டுடாதீங்க மேடம்! அது சட்டை உரிக்குது. மல்லாந்துதான் உரிக்கும். உரிக்கறதுக்கு முன்னாடி சாப்பிடாது. உள்ள பூச்சி எதுவும் இல்லையே?"

அவள் சிள்வண்டை எறிந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"மேடம்? பூச்சியை விட்டு வெச்சிருந்தீங்களா? அந்த நேரத்துல அது வெண்ணெய் மாதிரி இருக்கும், பூச்சியே அதைத் தின்னுடும். இதுகூடத் தெரியாமலா வெச்சிருக்கீங்க?"

"நீங்க சொன்னீங்களா? யாராவது ஒருத்தர் எனக்கு இதைச் சொன்னீங்களா?" என்று கத்தியவள், போனை வைத்துவிட்டு அன்றைய வகுப்புகளை எல்லாம் ரத்து செய்தாள். அவள் வகுப்பை ரத்து செய்ததே கிடையாது. பெட்டிக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். மகாராணி பழைய தோலுக்குள்ளிருந்து, இறுகிப்போன கையுறையிலிருந்து விரலை உருவுகிற மாதிரி, கால் காலாகத் தன்னை உருவிக்கொண்டது. மதியம் திரும்பிப் படுத்தபோது புது உடம்பு ஈரமாக, வெளிறி இருந்தது. கடிபட்ட கால் மட்டும் தோலோடு மாட்டிக்கொண்டு வரவில்லை. இழுத்துப் பார்த்துவிட்டு, அதை அங்கேயே விட்டுவிட்டு நகர்ந்தது.

இரக்கப்பட்டதில் போன கால் அது. இரக்கம் பார்க்காமல் பூச்சியை வெளியே எடுத்திருந்தாலும், அக்கறையாக யாரையாவது விசாரித்திருந்தாலும் போயிருக்காது. இதை நினைக்க நினைக்க அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. சிள்வண்டின் மேல்கூட ஆத்திரப்பட முடியவில்லை. அதற்கும் பசி.

புது உடம்பு கெட்டிப்பட்டு மகாராணிக்குப் பசி எடுத்தபோது, கொன்ற பூச்சியை இடுக்கியில் பிடித்து மெல்ல அசைத்துக் காட்டினாள். பிடித்துக்கொண்டது. அப்பாடா என்று இருந்தது. அந்த 'அப்பாடா' அடுத்த வாரம் கரண்டியை எடுக்கும்வரைதான் நீடித்தது. பழகிவிடும் என்றாள் நாத்தனார். பழகவில்லை.

கணவர் திரும்பி வந்தவர் பையைக்கூட இறக்காமல் நேராகப் பெட்டியிடம் போனார். எண்ணிப் பார்த்துவிட்டு முகம் சுண்டிப்போய்க் கேட்டார்.

"ஒரு கால் எங்க? என்ன பண்ணே இதை?"

அவள் இத்தனை மாதம் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் அணை உடைத்துக்கொண்டு வந்தது. "நான் என்ன பண்ணேனா? நீங்க என்ன பண்ணீங்க? ஆசைப்பட்டது நீங்க, பேர் வெச்சது நீங்க. கொல்றது மட்டும் நானா? நீங்க இருந்தப்போ எப்படிக் குடுத்தீங்க? நின்னு பாத்தீங்களா?"

அவர் பையை மெதுவாகக் கீழே வைத்தார். "பூச்சியைப் போட்டுட்டுக் குளிக்கப் போயிடுவேன்" என்றார். "திரும்பி வரும்போது முடிஞ்சிருக்கும்."

"அதான் அந்த நாள்ல அவ்வளவு நேரம் குளிச்சீங்களா?"

அவர் தலையாட்டினார். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அடிக்கலாம் போலவும் இருந்தது. வரும் வழியில் ஒரு துறைமுகத்தில் இன்னொரு சிலந்திக்குச் சொல்லி வைத்திருந்ததாகவும், அதற்கு 'இளவரசி' என்று பெயர்கூட யோசித்துவிட்டதாகவும் அவர் தயங்கித் தயங்கி ஒப்புக்கொண்டார். அன்று சாயங்காலமே போன் போட்டு வேண்டாம் என்று சொல்ல வைத்தாள்.

அந்த வாரம் கரண்டியை அவர் கையில் கொடுத்தாள். தினமும் கூடை கூடையாக மீன் அறுத்தே பழகிய கை. ஆனாலும் சிள்வண்டின் மேல் கரண்டியை வைத்ததும் அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். பூச்சி துள்ளி ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஓடிவிட்டது. "இன்னொண்ணு எடுங்க" என்றாள் அவள், பயிற்சிக் காரில் பேசுகிற குரலில். இரண்டாவது தடவை அழுத்தினார். பிறகு பால்கனிக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவள் கூப்பிடவில்லை.

யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று இருவரும் சேர்ந்தே விசாரித்தார்கள். ஒரே ஓர் ஆள் வந்தான். நல்ல பெரிய பெட்டி வைத்திருக்கிறானாம். மகாராணியைக் குனிந்து பார்த்தவன், "கால் குறைஞ்சாலும் நல்லா பாயுமா? எலி அடிக்குமா?" என்று கேட்டான். கணவர் பதில் சொல்வதற்குள் அவள் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் போன பிறகு தன்மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது. தொலைந்தால் போதும் என்று இருந்தவளும் அவள்தான், கைக்கு வந்த ஆளை விரட்டியவளும் அவள்தான்.

கடைசியில் அவர்களுக்குள் ஓர் ஒப்பந்தம். கப்பலுக்குக் கிளம்புமுன் அவரே உட்கார்ந்து டப்பா நிறையச் சிள்வண்டுகளைக் கொன்று, ஃப்ரீசரில் வைத்துவிட்டுப் போக வேண்டும். அவள் எடுத்து, குளிர் விட்டதும் இடுக்கியில் பிடித்துக் கொடுப்பாள். முதல் தடவை ஐஸ் எடுக்க வந்த நாத்தனார் அந்த டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டுப் போட்ட அலறல் தெருமுனைவரை கேட்டது. அவள் பேச்சு கொஞ்ச நாளைக்கு அடங்கியிருந்தது.

அடுத்த தடவை சட்டை உரித்தபோது, போன காலின் இடத்தில் குச்சி மாதிரி ஒரு சின்னக் கால் முளைத்திருந்தது. துறைமுகத்திலிருந்து கூப்பிட்ட கணவரிடம் சொன்னாள். அவர் சந்தோஷத்தில் கத்தினார்.

"ஃப்ரீசர்ல இருந்தது போன வாரமே தீந்துபோச்சு" என்றாள் அவள்.

"நான் வர இன்னும் நாலு மாசம் இருக்கே" என்றார்.

"தெரியும்" என்று சொல்லிவிட்டு, கடைக்காரர் கொண்டு வந்து வைத்திருந்த புது டப்பாவுக்குக் கேரட் சீவப் போனாள்.